ஹேண்டில்பார் அதிர்ந்தால் முதலில் எங்கே கை வைக்க வேண்டும்

தையல் மிஷினில் அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கேஸின் பக்கத்தில் ஒரு பொடித் திருகு உண்டு. கால் சுற்று திருப்பினால் அடிநூலின் இறுக்கம் மாறும். அரைச் சுற்று போய்விட்டால் தையலே கெட்டுவிடும். அதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாது, விரல் நுனிதான் சொல்ல வேண்டும். நான் தையல் மிஷின் மெக்கானிக். வீடு மதுரை வில்லாபுரம். பாதி வேலை டவுனுக்குள், மீதி செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர் என்று பைக்கில் போய்ச் செய்வது. வண்டியை விட்டு இறங்கும்போது விரல் மரத்திருந்தால் அந்தத் திருகைத் தொடவே முடியாது. அதனால் இந்த விஷயத்தை மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகமாகவே நோண்டியிருக்கிறேன். ஓட்டுவது 150 சிசி, ஒற்றை சிலிண்டர். நம்ம பக்கம் பாதிப்பேர் ஓட்டும் ரகம்தான்.

கை மரத்துப்போகுது என்று யாரிடம் சொன்னாலும் "நல்ல கிளவுஸ் வாங்குங்க" என்பார்கள். என் கணக்கில் கிளவுஸ் கடைசியில் வருவது. எந்த மிஷினாக இருந்தாலும் ஆட்டம் எங்கே கிளம்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாமான் வாங்க வேண்டும். பைக்கில் அது கிளம்புவது இன்ஜினிலோ சக்கரத்திலோ. போய்ச் சேருவது உங்கள் உள்ளங்கையில். இரண்டு முனையையும் விட்டுவிட்டு நடுவில் பஞ்சு வைத்தால் காசுதான் கரையும்.

எந்த விரல் மரக்கிறது?

முதலில் இதைக் கவனியுங்கள். வண்டியை நிறுத்தியதும் கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது மந்தமாக இருக்கிறது?

சுண்டுவிரலும் மோதிர விரலின் வெளிப்பாதியும் என்றால் அல்நார் நரம்பு அழுத்தப்படுகிறது. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்குமே, அந்த நரம்புதான். அது உள்ளங்கைக்குள் நுழையும் இடம் சுண்டுவிரல் பக்கத்து மேட்டுக்கு அடியில், மணிக்கட்டை ஒட்டி இருக்கிறது. உடம்பின் பாரத்தை அந்த மேட்டில் போட்டு ஹேண்டில்பாரில் சாய்ந்து ஓட்டுபவர்களுக்கு இது வரும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் உள்பாதி என்றால் மீடியன் நரம்பு. மணிக்கட்டின் நடுவில் கார்பல் டனல் என்ற குறுகிய வழியாகத் தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு அது போகிறது. மணிக்கட்டை மடக்கியே வைத்திருந்தாலோ இறுக்கிப் பிடித்தாலோ அந்த வழி இன்னும் நெருக்கமாகிவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கிய வலது கையில் இது அதிகம். இடது கைக்கு மட்டும் வந்தால் பெரும்பாலும் கிளட்ச்தான் காரணம்.

விரல் எல்லாம் ஒன்றாக மரத்து, இறங்கி உதறினால் சில நிமிடத்தில் தெளிந்துவிட்டால் அது அதிர்வும் இறுக்கிப் பிடித்ததும் சேர்ந்து செய்த வேலை. இதுதான் அதிகம் பேருக்கு வருவது, சரிசெய்ய எளிதானதும் இதுதான்.

இன்ஜினா, சக்கரமா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் செலவில்லை. ரிங் ரோட்டில் கூட்டம் இல்லாத காலை நேரத்தில், பின்னால் வண்டி வராததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, ஒரே வேகத்தில் இரண்டு கியரில் ஓட்டிப் பாருங்கள். 50-இல் நான்காவது கியர், அப்புறம் அதே 50-இல் ஐந்தாவது. கியர் மாற்றியதும் அதிர்வின் தன்மை மாறினால் அது இன்ஜினிலிருந்து வருகிறது. கியர் எதுவானாலும் ஒரே மாதிரி ஆடினால் சக்கரம், டயர், பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். இன்னும் சந்தேகமா? கிளட்சைப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு வண்டியைச் சும்மா ஓடவிடுங்கள். இன்ஜின் அடங்கிய பிறகும் ஹேண்டில் ஆடினால் அது இன்ஜின் வேலையில்லை.

இரண்டின் ருசியும் வேறு. இன்ஜின் அதிர்வு பொடிப்பொடியாக இருக்கும். உள்ளங்கையில் அரிப்பு மாதிரி தொடங்கி மரப்பில் முடியும், கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸின் உருவம் கலங்கும். சக்கரத்திலிருந்து வருவது பெரிய ஆட்டம். ஹேண்டில் இடமும் வலமும் தலையாட்டும், கை மரப்பதைவிடத் தோள்பட்டைதான் வலிக்கும்.

ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும், கீழே வந்து நின்று திரும்பும். ஒவ்வொரு திரும்பலிலும் வண்டியை உதைக்கும். 5,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 83 சுற்று. அந்த உதையை எதிர்க்கத்தான் பேலன்சர் ஷாஃப்ட் என்று எதிர்த் திசையில் சுற்றும் ஒரு எடையை உள்ளே வைக்கிறார்கள். பழைய புல்லட்டில் அது கிடையாது. 2021-இல் வந்த புது கிளாசிக் 350-இல் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கையே சொல்லிவிடும்.

இந்த உதையின் பலம் இன்ஜின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒரே கியரில் 55-லிருந்து 65-க்குப் போனால் வேகம் கூடுவது 18 சதவீதம், உதை கூடுவது கிட்டத்தட்ட 40 சதவீதம். அதோடு ஒவ்வொரு ஹேண்டில்பாருக்கும் தனக்குப் பிடித்த ஒரு அதிர்வெண் இருக்கிறது. இன்ஜின் அந்த இடத்தைத் தொட்டதும் பார் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். என் வண்டிக்கு 62-லிருந்து 68 வரை அந்த இடம். 55-இல் அமைதி, 72-இல் மறுபடி கொஞ்சம் அடங்கும். உங்கள் வண்டிக்கு எது என்று ஒருமுறை குறித்துக்கொண்டால் போதும். 40 கிலோமீட்டர் தூரத்துக்கு 55-க்கும் 65-க்கும் வித்தியாசம் 7 நிமிடம்தான். அந்த 7 நிமிடத்தைச் சேமித்துப் போய், அப்புறம் கையை உதறிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதில் என்ன லாபம்?

மெதுவாகப் போகிறேன் என்று டாப் கியரில் 30-இல் போவதும் கூடாது. இன்ஜின் திணறித் திணறி உதறும். அதுவும் கையில்தான் வந்து சேரும்.

கழன்றது, தேய்ந்தது, வற்றியது

முதலில் இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஃபவுண்டேஷன் போல்ட்டுகள். ஓடி ஓடி இவை தளர்ந்துபோகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. எங்கள் தெருமுனையில் பைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருமுறை என் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அண்ணே, இங்க வந்து பாருங்க, ரெண்டு போல்ட்டு கையாலயே சுத்துது" என்றான். அதை இறுக்கியதும் கண்ணாடியில் கலங்கிய உருவம் பாதி தெளிந்துவிட்டது. வேறு எதையும் மாற்றவில்லை. இன்ஜின் ஆறிய பிறகு, வண்டிக்கான கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனர் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். கண்டபடி இறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் அது வேறு கதை.

லெக் கார்டு மாட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் லெக் கார்டை இன்ஜின் போல்ட்டோடு சேர்த்துத்தான் பூட்டுகிறார்கள். தகடு சரியாகப் பொருந்தாமல் இழுத்துப் பூட்டியிருந்தால் அதுவே ஒரு அதிர்வைக் கிளப்பும். கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் தெரிந்துபோகும். சைலன்சர் போல்ட், சாரி கார்டு, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். அவை சத்தம் மட்டும்தான் போடும், கையை மரக்க வைக்காது. ஆனால் அந்தச் சத்தத்தில் உண்மையான கோளாறு காதில் விழாமல் போய்விடும்.

ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகள் நான்கு. பல வண்டிகளில் கிளாம்பின் ஒரு பக்கத்தில் புள்ளிக் குறி இருக்கும், அது முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். முன் போல்ட்டை முதலில் இறுக்கி, பிறகு பின் போல்ட். சில வண்டிகளில் இந்தக் கிளாம்புக்குக் கீழே ரப்பர் புஷ் இருக்கும். அது வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தால் மாற்றிவிடலாம், விலை பெரிதில்லை.

செயின். மெயின் ஸ்டாண்டு போட்டு, நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை தொய்வு வேண்டும், சரியான அளவு உங்கள் வண்டியின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் தொங்கினால் செயின் சமமாகத் தேயவில்லை என்று அர்த்தம். அதை இறுக்கி இறுக்கி ஓட்டுவதில் பயன் இல்லை, செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டோடு மாற்ற வேண்டியதுதான். நம்ம பக்கத்துச் செம்மண் புழுதியில் செயின் சீக்கிரம் காய்ந்துவிடும். எண்ணெய் விடுவதற்கு முன் துடைக்க வேண்டும். துடைக்காமல் எண்ணெய் விட்டால் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து உப்புத்தாள் வேலையைச் செய்யும். இதை நான் தையல் மிஷின்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

பின் சக்கர ஹப்புக்குள் ரப்பர் துண்டுகள் இருக்கின்றன. இன்ஜின் இழுப்பு சக்கரத்துக்குப் போகும் வழியில் உதையை வாங்கிக்கொள்வது அவை. சக்கரத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தடதடவென்று ஆடினால் ரப்பர் தேய்ந்துவிட்டது.

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், டேப்பெட், இன்ஜின் ஆயில் எல்லாம் சர்வீஸில் பார்க்க வேண்டியவை. மிஸ்ஃபயர் ஆகும் இன்ஜின் எப்போதும் உதறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி சக்கரம். காற்றை வண்டி ஓடி சூடாவதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும். அளவு டயரின் ஓரத்தில் இருக்காது, அங்கே அச்சிட்டிருப்பது டயர் தாங்கும் உச்ச அழுத்தம். உங்கள் வண்டிக்கான அளவு செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பஞ்சர் கடையில் கேட்காமலே முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு 35, 40 என்று அடித்துவிடுவார்கள். அவ்வளவு காற்றோடு நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் ஏறினால் ஒவ்வொரு இணைப்பும் மணிக்கட்டில் எண்ணிக்கை சொல்லும். 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், இணைப்புகளுக்குப் பஞ்சமில்லை. காற்று குறைந்தாலும் ஆபத்து, வளைவில் வண்டி மிதக்கும், பள்ளத்தில் ரிம் அடிபடும்.

குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி மூடிய தெருக்களில் தினமும் ஓட்டுபவர்கள் கோன் செட்டையும், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்கையும், பார்க்கச் சொல்ல வேண்டும். மெயின் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் டக்கென்று சிக்கினால் கோன் செட் குழி விழுந்துவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது கழுத்தில் லொட லொட என்றால் தளர்ந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயிலை மாற்றாமலே பல வருஷம் ஓட்டுபவர்கள் அதிகம். ஒழுகவில்லையே என்று விட்டுவிடுவார்கள். ஒழுகாவிட்டாலும் ஆயில் கெட்டுப்போகும், ஃபோர்க் கல்லு மாதிரி நிற்கும்.

பிடியும் உட்காரும் விதமும்

வண்டியை எவ்வளவு சரிசெய்தாலும் ஒற்றை சிலிண்டர் அதிரத்தான் செய்யும். அந்த மிச்ச அதிர்வு கைக்குள் எவ்வளவு ஏறுகிறது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பிடி. இறுக்கிப் பிடிக்கும் கை அதிர்வை அப்படியே வாங்கி முழங்கை வரை அனுப்பும். இறுக்கம் கூடக் கூட விரலுக்குப் போகும் ரத்தமும் குறையும்.

தையல் பழக வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது, துணியைப் பிடித்து இழுக்காதே, மிஷினே இழுத்துக்கொள்ளும், உன் கை வழி மட்டும் காட்டட்டும் என்பதுதான். ஹேண்டில்பாருக்கும் அதேதான். வண்டி 30-க்கு மேல் போனால் அது தானாகவே நேராக நிற்கும். உங்கள் கை செய்ய வேண்டியது திசை காட்டுவது மட்டும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது சுண்டுவிரலையும் மோதிர விரலையும் ஒரு நொடி லேசாகத் தளர்த்திப் பாருங்கள். "அடேங்கப்பா, இவ்வளவு இறுக்கியா பிடிச்சிருந்தோம்" என்று தோன்றும். லாரி ஒன்று உரசிக்கொண்டு கடந்து போனதும் கை தானாக இறுகும், அது இயல்பு. கடந்த பிறகு தளர்த்த மறப்பதுதான் பிரச்சினை.

ஆனால் கையைத் தளர்த்த வேண்டும் என்றால் உடம்பை வேறெதாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அது தொடை. முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடித்தால் பிரேக் போடும்போது உடம்பு முன்னால் சரிந்து உள்ளங்கையில் விழாது. வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டும் பெரியவர்களுக்கு இது சிரமம், அவர்கள் சீட்டில் கொஞ்சம் பின்தள்ளி உட்காரலாம். சீட் உறை வழுக்கினால் ஆள் சறுக்கிச் சறுக்கி டேங்கோடு ஒட்டிக்கொள்வார், முழங்கை நேராகி விறைக்கும். விறைத்த முழங்கை வழியாக அதிர்வு தோளுக்கே போகும். முழங்கை எப்போதும் லேசாக மடங்கி, கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

தோளில் பை மாட்டுவதை நிறுத்துங்கள். என் கருவிப் பையில் ஸ்பேனர், சுத்தியல், மோட்டார் பெல்ட், எண்ணெய் பாட்டில், ஷட்டில், ஊசிப் பெட்டி எல்லாம் சேர்ந்து நல்ல பாரம் இருக்கும். அதை முதுகில் மாட்டினால் பாரத்தில் ஒரு பங்கு தோள் வழியாக ஹேண்டிலுக்கு வரும். வார் தோளை அழுத்துவது தனி. இப்போது பை பின் சீட்டில், கயிறு போட்டுக் கட்டி. இந்த ஒரு மாற்றத்தில் எனக்குச் சுண்டுவிரல் மரப்பு பெருமளவு நின்றது.

லீவரின் கோணத்தைப் பலரும் பார்ப்பதே இல்லை. ஷோரூமில் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே ஓட்டுவோம். சீட்டில் எப்போதும் உட்காருவது போல உட்கார்ந்து, கண்ணை மூடிக் கையை ஹேண்டிலில் வைத்து, விரல்களை நேராக நீட்டுங்கள். முன்கை, புறங்கை, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வந்து லீவரின் மேல் விழ வேண்டும். லீவர் உயரமாக இருந்தால் ஒவ்வொரு கிளட்ச் பிடிக்கும் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். பைபாஸ் ரோட்டில் பழங்காநத்தத்திலிருந்து காளவாசல் போய்ச் சேருவதற்குள் எத்தனை தடவை கிளட்ச் பிடிக்கிறோம் என்று யோசியுங்கள். லீவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி இறுக்கினால் போதும். ஐந்து நிமிட வேலை. கிளட்ச் கேபிள் காய்ந்து கனமாக இருந்தால் எண்ணெய் விடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் கேபிளை மாற்றிவிடுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். பிரேக் லீவரையும் அதே கோணத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வலது கைக்கு இன்னொரு விஷயம். நிற்கும்போது ஆக்சிலரேட்டரை வழக்கம் போலப் பிடித்து முறுக்கினால், 60-இல் போகும்போது மணிக்கட்டு நன்றாகக் கீழே மடங்கியிருக்கும். வேகம் நிலைத்ததும் ஒரு கணம் பிடியைத் தளர்த்தி, கையை முன்பக்கமாக நகர்த்தி மறுபடி பிடித்துக்கொண்டால் மணிக்கட்டு நேராகிவிடும். பழகினால் தானாக வரும். ஆக்சிலரேட்டர் கேபிளில் தொய்வு அதிகமாக இருந்தாலும் வீணாக முறுக்க வேண்டியிருக்கும். 2 முதல் 6 மி.மீ. வரை இருந்தால் போதும்.

சிக்னலில் நின்றால் நியூட்ரலுக்குப் போட்டுக் கிளட்சை விடுங்கள். எண்ணிக்கை ஓடும் சிக்னலில் இன்னும் 60 நொடி என்று தெரிந்தும் முதல் கியரில் கிளட்சைப் பிடித்துக்கொண்டே நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு என்ன அவசரமோ என்று தோன்றும். அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு கையையும் எடுத்து விரித்து மூடலாம்.

நெடுந்தூரத்தில் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். எனக்குச் செக்கானூரணி டீக்கடை. இறங்கியதும் கையைத் தொங்கவிட்டு உதறுவது, விரல்களை முழுதாக விரித்து மூடுவது, ஒரு கையால் மற்றக் கையின் விரல்களை மெதுவாகப் பின்னால் வளைப்பது. இழுத்துப் பிடித்து முறிக்கத் தேவையில்லை. சூடான டீ கிளாஸைச் சுண்டுவிரலும் படும்படி பிடிப்பேன். சூடு உடனே உறைத்தால் கிளம்பலாம், உறைக்கத் தாமதமானால் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பேன். டீயோடு பீடி, சிகரெட் வேண்டாம். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த விரலுக்கு அது வேறு.

காசு போட்டு வாங்குபவை

கிரிப் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வழுக்கும் கிரிப்பைக் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். மேலே மாட்டும் ஸ்பாஞ்ச் உறை அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் கிரிப் தடிமனாகிவிடும். கை சின்னதாக இருப்பவர்களுக்குத் தடித்த கிரிப்பைச் சுற்றிப் பிடிப்பதே பாரம், இருந்த வலியும் கூடும். கடையில் மாட்டுவதற்கு முன் அதை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், நடுவிரல் நுனியும் கட்டைவிரலும் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். நம்ம ஊர் வேர்வையில் ஸ்பாஞ்ச் சீக்கிரம் நாறிப் பிய்ந்துபோகும் என்பதும் உண்மை.

ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மாட்டும் எடைக்குண்டுகள் எனக்குப் பிடித்த சாமான். பார் நடுவில்தான் பூட்டப்பட்டிருக்கிறது, அதிகமாக ஆடுவது முனைகள். அந்த முனையில் எடை ஏறியதும் பார் சேர்ந்து பாடும் வேகம் கீழே இறங்கும், ஆட்டத்தின் அளவும் குறையும். வண்டியோடு வந்த குண்டைக் கழற்றி எறிந்துவிட்டு அழகுக்கு அலுமினியத்தில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். பிறகு கை மரக்குது என்று வந்து நிற்பார்கள். எஃகு அல்லது பித்தளைக் குண்டு, போல்ட் போட்டு உள்ளே விரியும் ரப்பரோடு வருவது நல்லது. ஆக்சிலரேட்டர் பக்கம் மாட்டும்போது கிரிப்புக்கும் குண்டுக்கும் இடையில் சிறு இடைவெளி இருக்க வேண்டும். உரசினால் ஆக்சிலரேட்டர் திரும்பி வராமல் நின்றுவிடும். மாட்டியதும் இன்ஜினை ஓடவிட்டு, முறுக்கி விட்டு, டக்கென்று பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

பாருக்குள் மணலைக் கொட்டி அடைப்பது ஒரு காலத்து வேலை. மணலில் இருக்கும் ஈரம் உள்ளே துருப்பிடிக்க வைக்கும். வேண்டாம்.

பாரை உயர்த்தும் ரைசர், வேறு வண்டியின் பார் எல்லாம் கேபிள் நீளத்தையும் பாதிக்கும். மாட்டினால், இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை திருப்பிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது, அந்த வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. ஆக்சிலரேட்டரில் மாட்டி உள்ளங்கையால் அழுத்தும் தட்டு ஒன்று விற்கிறார்கள். நான்கு வழிச்சாலையில் திருநெல்வேலி வரை போகிறவருக்கு அது உதவும். டவுன் நெரிசலில் சட்டைக் கை பட்டால்கூட வண்டி பாயும், அதனால் எனக்கு அது ஒத்துவராது.

சரி, கிளவுஸ். சாதாரண கிளவுஸ் நொடிக்கு 80, 100 தடவை வரும் இன்ஜின் அதிர்வை அதிகம் தடுக்காது. உள்ளங்கை மேட்டில் ஜெல் வைத்த கிளவுஸ் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும், அதுதான் அதனால் கிடைக்கும் பயன். சுண்டுவிரல் மரப்பு உள்ளவர்களுக்கு அது கேட்கும். அளவு முக்கியம். விரலிடுக்கில் இழுத்துப் பிடிக்கும் கிளவுஸ் அதுவே ரத்தத்தை நிறுத்தும். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள், மீடியன் நரம்பு போகும் வழி அதற்கு நேர் கீழேதான். விழுந்தால் உள்ளங்கைத் தோலைக் காப்பாற்றும் என்பதற்காக எல்லோரும் போட வேண்டும், அது வேறு விஷயம்.

எப்போது டாக்டரிடம் போவது

பேரையூர்ப் பக்கம் ஒரு தையல்காரக்கா. வண்டியே ஓட்டாதவர். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கை எரியுது தம்பி, எந்திரிச்சு உதறுனாத்தான் மறுபடி கண்ணு மூடுது" என்றார். கத்தரி கீழே விழுந்துகொண்டே இருந்தது. "அக்கா, இது எண்ணெய் தேச்சா போறது இல்ல, நரம்பு டாக்டரப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கார்பல் டனல் என்றார்கள். இரவில் மரத்து எழுப்புவது, உதறினால் சரியாவது, பொருள் கைநழுவுவது, கட்டைவிரலுக்குக் கீழுள்ள சதை மெலிவது, காலையில் எழுந்தும் மரப்பு போகாமல் இருப்பது, கழுத்திலிருந்து ஒரு கை முழுக்க வலி இறங்குவது, குளிரில் விரல் வெளுத்துப்போவது. இதில் எது இருந்தாலும் கிரிப்பும் குண்டும் வாங்கிக்கொண்டு இருக்கக் கூடாது. நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதில் எந்த இடத்தில் அடைப்பு என்று தெரிந்துவிடும். நம்ம பெரியாஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு இந்த நரம்பு நெருக்கம் எளிதில் வரும், ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

ஸ்கூட்டரும் எக்ஸெல்லும்

ஸ்கூட்டரில் இன்ஜின் பின்னால் ரப்பர் புஷ்ஷில் தொங்குவதால் பொடி அதிர்வு குறைவு. கிளம்பும்போது மட்டும் உதறினால் கிளட்ச் ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது ஒரே வேகத்தில் கரகரவென்றால் கியருக்குப் பதிலாக வேலை செய்யும் வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்கள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருக்கும். எக்ஸெல்லில் பூக்கூடையும் பால் கேனும் ஏற்றிப் போகிறவர்களுக்கு அணைத்துப் பிடிக்க டேங்க் கிடையாது, பாரம் கைக்கு வரத்தான் செய்யும். முன் தளத்தில் ஏற்றும் மூட்டையைக் குறைத்துப் பின்னால் வையுங்கள், முழங்கால் மூட்டையில் முட்டாமல் உட்கார இடம் விடுங்கள். முன் சக்கரத்தில் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். கிரிப் தேய்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், ஜோடியாகத்தான் விற்பார்கள்.